மேல்காற்றுச் சுவர்

மாசானம் வீடா? இதோ, அடுத்ததுதான். தப்பாக வரவில்லை, சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வாசலில் செருப்பைக் கழற்றினால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. விட்டுவிட்டு உள்ளே போனீர்கள் என்றால் திரும்பி வந்து வள்ளியூரில்தான் தேட வேண்டும். விளையாட்டு இல்லை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கிறீர்கள்.

வீட்டு விஷயமாக வந்தீர்களா? நினைத்தேன். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டை அண்ணாந்து பார்க்கிறவர்கள் எல்லாம் வீடு பார்க்க வந்தவர்கள்தான். இதற்கு முன்னால் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் என்னிடம்தான் வழி கேட்டார்கள். இந்த நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன், இரண்டு வார்த்தை பேசினேன். என்ன காரணமோ, நாலு பேரும் அந்த வீட்டுக்குள் போகாமலே பஸ் ஏறிவிட்டார்கள். உட்காருங்கள். அவன் எங்கேயும் ஓட மாட்டான். முட்டு வலி. ஓசூரில் மகன் இருக்கிறான், வீட்டை விற்றுவிட்டு அங்கே போகப்போகிறானாம். போகட்டும். எனக்கென்ன? பதினோரு வருஷமாக அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் போனால் எனக்கு நிம்மதி. உங்கள் நன்மைக்காகத்தான் உட்காரச் சொல்கிறேன்.

காற்று என்றால் உங்கள் ஊர்க் காற்று மாதிரி நினைக்காதீர்கள். போன வருஷம் என் எட்டு முழ வேட்டி ஒன்று கொடியிலிருந்து கிளம்பி, முப்பந்தல் காற்றாலை இறக்கையில் போய் மாட்டிக்கொண்டது. மூன்று நாள் சுற்றியது. நாலாம் நாள் தானாக இறங்கியபோது இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. உடுத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய்வந்தேன்.

வெயில்? சாயங்கால வெயில் முழுக்க இந்தச் சுவரில்தான் இறங்கும். வைகாசி மாதம் இதன் மேல் ஒரு பல்லி நின்றால் ஒரு காலை ஊன்றி மூன்று காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கால் மாற்றிக்கொள்ள மறந்த பல்லிகளை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்தச் சுவர்தான் தம்பி. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுச் சுவர். இந்த முகம் மேற்கே பார்த்தது, என் பக்கம். மறு முகம் கிழக்கே பார்த்தது, அவன் பக்கம். காற்றும் வெயிலும் எனக்கு. நிழலும் குளிர்ச்சியும் அவனுக்கு. இதில் ஒரு கொடியைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் நீங்கள் இந்த ஊரில் ஒரு கீரை விதை கூடப் போட மாட்டீர்கள்.

நான் கண்டக்டர், அவன் டிரைவர். நாகர்கோவில் திருநெல்வேலி ரூட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி. என் ஒத்தை விசிலுக்கு நிற்பான், இரட்டை விசிலுக்கு எடுப்பான். விசில் இல்லாமல் ஒரு அங்குலம் நகர்த்த மாட்டான், ஒரு இடத்தில் நிறுத்தவும் மாட்டான். ஒரு தடவை நாங்குநேரியில் நான் டீ குடிக்க இறங்கிப் பேச்சு சுவாரசியத்தில் இருந்துவிட்டேன். வண்டிக்குள் ஐம்பது பேர் கூப்பாடு போடுகிறார்கள். இவன் ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு, “விசில் வரலியே” என்று உட்கார்ந்திருந்தான். அப்படிப்பட்ட கழுதை. ஒரு ஆடியில் இந்தக் கணவாய்க்குள் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டான். பின்னாலிருந்து காற்று தள்ளிய தள்ளில் வண்டி காவல்கிணறு வரைக்கும் தானாகவே போயிற்று. இறங்கிப் பார்த்தால் டேங்கில் டீசல் கூடியிருந்தது.

ரிட்டயர் ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து இந்த மனையை வாங்கி நடுவில் பிரித்தோம். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டான். மேற்கு எனக்கு என்றேன். ஏன்? மேல்காற்று. ஃபேன் வேண்டாம், மலையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கலாம். மூளை எனக்குத்தான் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “கண்டக்டரே, யோசிச்சுச் சொல்லும். ஆடிக்காத்து மூஞ்சியிலே அறையும்.” சொன்னான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை சொன்னான். ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் மூன்று தடவை ஹாரன் அடிக்கிறவன், கூட இருந்த நண்பனுக்கு ஒரு தடவைதானா சொல்வது? அன்றைக்கே அவன் மனசில் ஏதோ இருந்திருக்கிறது.

சரி. முதலில் பிச்சிக்கொடி வைத்தேன். தோவாளைப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பிச்சி வைக்காமல் என்ன வைப்பது? என் வீட்டுக்காரி உலகம்மைக்கு ஒரு நாள் தலையில் பூ இல்லையென்றால் எனக்குச் சோற்றில் உப்பு இருக்காது. கொடி நன்றாகத்தான் ஏறியது. என் பழைய டிக்கெட் பையின் வாரை அறுத்து, ஆணியடித்துக் கட்டினேன். ஆடி பிறந்தது. என் பக்கத்தில் இலை ஒன்று விடாமல் காற்று உருவிவிட்டது. கொடிக்குப் புத்தி இருக்கும் போலிருக்கிறது, சுவர் உச்சியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது, அப்படியே மறுபக்கம் இறங்கிவிட்டது. அங்கே காற்றில்லை, காலை வெயில், இதமான சுகம். பூவென்றால் பூ, சுவரை வெள்ளையடித்த மாதிரி! என் பக்கம் வெறும் குச்சி.

வேர் என் மண்ணில். கொடி என் வாரில். பூ அவன் வீட்டில். இது எந்த ஊர் நியாயம்?

மாசானம் பெண்டாட்டி பிரமு. விடியற்காலம் அவள் பறித்துக்கொண்டிருப்பாள். பறித்து, தொடுத்து, பாதியை உலகம்மையிடம் கொடுத்துவிடுவாள் என்பது வேறு விஷயம். அதுவல்ல பிரச்சினை. யாருடைய பூவை யார் கொடுப்பது? ஒரு நாள் தெருவில் நாலு பேர் நிற்கும்போது சொன்னேன், தமாஷாகத்தான் சொன்னேன். “டிக்கெட் எடுக்காம ஏறுத ஆளை நான் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். அடுத்த ஸ்டாப்பிலே இறக்கி விட்டிருவேன் பாத்துக்கோ.” எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பூவை அப்படியே சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாசானம் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். “கண்டக்டரே, இருபத்திரெண்டு வருசத்திலே நீரு ஒரு பொம்பளையை வழியிலே இறக்கி விட்டு நான் பாத்ததில்லே” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒரு தமாஷைத் தாங்க முடியாத குடும்பம்! நானும் அன்று சாயங்காலமே பிச்சியை அடியோடு வெட்டிப் போட்டேன். பூ இருந்தால்தானே பேச்சு.

அப்புறம் காகிதப்பூ. நர்சரிக்கார ஞானசிகாமணி சொன்னான், “அண்ணாச்சி, வெயிலும் காத்தும் இருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு இதை வையும். தண்ணி கூட ரொம்ப வேண்டாம்.” அது எனக்குப் பிடித்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுச் செல்லம் கொடுக்கிற ஆள் நான் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு செம்பு. விரதம் இருந்தால்தான் வேர் ஆழமாகப் போகும். முள்ளும் இருக்கும், எவளும் கை வைக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். வளர்ந்தது. ஆனால் காற்றில் அந்த முள்கிளை சாட்டை மாதிரி வீசும் தம்பி. என் இரண்டு சட்டை, உலகம்மையின் ஒரு சேலை, தபால்காரரின் மூக்குக்கண்ணாடி. பூ? ஒரு பூ இந்தப் பக்கம் தங்கவில்லை. மொத்தமும் பறந்து அவன் முற்றத்தில் விழுந்தது. குப்பை கூட்டிச் சாகட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பிரமு என்ன செய்தாள் தெரியுமா? தெருவெல்லாம் போய், “எங்க முத்தத்திலே தினமும் கல்யாணப் பந்தல் போட்டாப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டாள். என் வயிறு எரியாதா?

பிடுங்கிப் போட்டேன். கை முழுக்க முள்.

மறுபடி ஞானசிகாமணி. “சுவரை ஒட்டி நட்டா உருப்படாது அண்ணாச்சி. சுவரடியிலே மண்ணு எப்பவும் வறண்டுதான் கிடக்கும். ஒன்றரை அடி தள்ளி நடணும். முன்னாலே வரிசையா அரளி வச்சுக் காத்தோட வேகத்தை உடைக்கணும், கொடி அதுக்குப் பொறவு.” இதை முதலிலேயே சொல்வதற்கு இவன் வாயில் என்ன, கொழுக்கட்டையா? நானாக யோசித்த மாதிரி அரளியை வரிசையாக வைத்தேன். ஒன்றரை அடி தள்ளி மஞ்சள் பூப் பூக்கிற அலமண்டாவை நட்டேன்.

அப்போதுதான் மாசானம் அந்த அக்கிரமத்தைச் செய்தான். சுவரில் ஓட்டை போட்டுவிட்டான் தம்பி! பொதுச் சுவர்! கேட்கவில்லை, கொள்ளவில்லை, ஒரு நாள் நான் களியக்காவிளையில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்த நேரம் பார்த்து உளி வைத்துத் துளைத்து, ஒரு பிளாஸ்டிக் பைப்பைச் சொருகி, அதன் வாய் என் நிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? டேப் வைத்து அளந்தேன். சரியாக ஒன்றரை அடி. ஆக்கிரமிப்பு இல்லாமல் இது வேறு என்ன? சாயங்காலமானால் அவன் வீட்டுத் தண்ணீரை அதில் ஊற்றுகிறான். நேராக என் செடியின் தலையில். ஒருத்தன் வீட்டுத் தண்ணீரை இன்னொருத்தன் தலையில் ஊற்றுவது மரியாதையா? சர்வேயரைக் கூப்பிடுவேன் என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். சிமெண்டைக் குழைத்து என் பக்கம் அடைத்துவிட்டேன்.

அந்த வருஷம் பங்குனியில் அலமண்டா செத்துவிட்டது. அரளியில் பாதியும் போய்விட்டது. ஞானசிகாமணி எனக்கு வேரில்லாத செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான். அவன் கடைக்கே போய் நாலு பேர் முன்னால் கேட்டேன். “தண்ணி விட்டேரா அண்ணாச்சி?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்!

இந்தா, உலகம்மை காப்பி கொண்டுவருகிறாள். கருப்பட்டிக் காப்பி. குடியுங்கள். தம்ளரை இறுக்கிப் பிடியுங்கள்.

“தம்பி, வீடு வாங்க வந்தியளா? இவரு சொல்லதைக் கேக்காதீங்க. நாலு பேரை இப்படித்தான் பயங்காட்டி அனுப்பினாரு.”

“நான் உள்ளதைத்தானே சொல்லுதேன்?”

“உள்ளதா? பல்லி கதை சொல்லியாச்சா?”

“ஆச்சு.”

“வேட்டி?”

“அதும் ஆச்சு. நீ உள்ளே போ, உலை கொதிக்குது.”

“உலை இன்னும் வைக்கவே இல்லே. தம்பி, அந்த அண்ணன் தங்கமான மனுசன். போய்ப் பாருங்க.”

பார்த்தீர்களா? சொந்த வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி. அவள் தலையில் பூவைப் பார்த்தீர்களா? பிச்சி. அதுவா... அது வந்து... விடியற்காலம் முதல் பஸ்ஸில் தோவாளைச் சந்தைக்குப் போய் வாங்கிவருகிறாள். தினமும். இந்த வயசிலும் சுறுசுறுப்பு. அவள் செருப்பில் தூசி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். காற்று துடைத்துவிடும்.

எங்கே விட்டேன்? ஆமாம். நாலு வருஷத்துக்கு முன்னால் பிரமு போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை. நான் போனேன். போகாமல் இருப்பேனா? கூட்டத்தில் கடைசியில் நின்றேன். மாலைகளுக்கு நடுவில் ஒரு முழம் பிச்சி கூட இல்லை. செவ்வந்தியாக வாங்கிப் போட்டிருந்தார்கள். மாசானம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

பதினாறு முடிந்த மறுநாள் பிச்சிக்கொடி வாங்கிவந்து நட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நர்சரியில் அன்றைக்கு வேறு செடி இல்லை. முல்லை இருந்தது, சங்குப்பூ இருந்தது, இருந்தாலும் வேறு செடி இல்லை. ஒன்றரை அடி தள்ளி, பைப்பின் வாய்க்கு நேர் கீழே வைத்தேன். இடம் அங்கேதான் தோதாக இருந்தது. பைப்பில் நான் அடைத்த சிமெண்ட் வேறு காற்றில் தானாக உதிர்ந்துவிட்டது. காற்று கையில் உளி வைத்திருந்ததா என்று உலகம்மை கேட்கிறாள். அவளுக்கு எல்லாம் கிண்டல்.

இந்தக் கொடி பிடித்துக்கொண்டது. பாருங்கள், அடிமரம் என் கட்டைவிரல் தடிமன். என் விரத வைத்தியம்தான் காரணம். ஆனால் கொடியின் புத்தி போகுமா? என் பக்கம் குச்சி, அவன் பக்கம் பூ. இப்போது அந்த வீட்டில் பூ வைக்க ஆளில்லை. என்ன செய்கிறானோ, யார் கண்டது? சில நாள் விடியற்காலம் காற்று திசை திரும்பி வீசும் தம்பி. அப்போது சுவர் மேல் பூ வந்து விழும். சும்மா விழாது, வாழையிலையில் பொட்டலமாக விழும். நார் கட்டியிருக்கும். காற்றின் வேகத்தில் முடிச்சே விழுந்துவிடுகிறது. நான் அதைத் தொட மாட்டேன். உலகம்மை எடுத்துக்கொள்வாள். சந்தையில் வாங்குகிற நாள் போக மற்ற நாளில்.

இதெல்லாம் நான் ஏன் சொல்கிறேன்? அந்த வீட்டை வாங்கினால் இந்தச் சுவர் உங்களுக்கும் பொது. இந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கும் வரும். இன்னொன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் விசில் ஊதுவேன். இதோ கழுத்தில் தொங்குகிறதே, சர்வீசில் இருந்த அதே விசில். சுவரில் அணில் ஏறும், அதை விரட்ட ஒரு ஒத்தை விசில். தினமும். வந்த நாலு பேரில் ஒருத்தர் சின்னக் குழந்தைக்காரர், இதைக் கேட்டுத்தான் ஓடினார். உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்குமே? தூக்கம் கெடும். அணில் தொல்லையும் கூடிக்கொண்டே...

என்ன?

அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா? எப்போது? மகன் கையிலா, ஓசூரிலேயா? பத்திரம் வெள்ளிக்கிழமையா?

அப்போ இன்றைக்கு எதற்கு வந்தீர்கள்? சாவி வாங்கவா?

ஏன் தம்பி, இதை உட்காரும்போதே சொல்வதற்கு என்ன? ஒரு மனுஷன் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறான், நீங்கள் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு காப்பி குடிக்கிறீர்கள்! இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான். முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. மாசானமாவது அன்றைக்கு ஒரு தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய்.

சரி, கேளுங்கள். இது வேறு யாருக்கும் சொல்லாதது. பைப்பின் மறுமுனை உங்கள் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கும், ஒரு பழைய ஆயில் டப்பாவை வெட்டிப் புனல் மாதிரி வைத்திருப்பான். நான் பார்த்ததில்லை, ஏணி வைத்து ஒரு தரம் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணி. சாதாரண நாளில் இரண்டு குடம். ஆடியிலும் பங்குனியிலும் மூன்று. மெதுவாக ஊற்ற வேண்டும், ஒரேயடியாகக் கவிழ்த்தால் வேரடியில் குழி விழுந்துவிடும். மண் நனைந்து போதும் என்றால் நான் இந்தப் பக்கமிருந்து ஒத்தை விசில் கொடுப்பேன். நிறுத்திவிடலாம். அணிலா? இந்தக் காற்றில் எந்த அணில் தம்பி சுவரில் நிற்கும்?

பூ உங்கள் பக்கம்தான் பூக்கும். உங்கள் வீட்டுக்காரி வைத்துக்கொள்ளட்டும். முழுக்க வைத்துக்கொள்ளட்டும். யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

மணி என்ன? ஐந்தா? பேசாதீர்கள். கேட்கிறதா, தண்ணீர் விழுகிற சத்தம்? முதல் குடம். அவன் நடை கேட்கிறதா, வலது காலை இழுத்து இழுத்து? குழாயடிக்குப் போகிறான். இப்போது இரண்டாவது. பாருங்கள், பைப்பிலிருந்து எப்படி நூல் பிடித்த மாதிரி இறங்குகிறது. டிரைவர் கை.

மூன்றாவது. மண் குளிர்ந்துவிட்டது. இப்போது நான் ஊத வேண்டும்.

ஊதவில்லை. இருக்கட்டும். நீங்கள் ஏன் என் விசிலைப் பார்க்கிறீர்கள்?

நாலாவது. விசில் வராமல் நிறுத்த மாட்டான், சொன்னேனே, கழுதை. முட்டு வலியோடு தூக்குகிறான். தண்ணீர் அரளி வரைக்கும் வந்துவிட்டது. தூக்கட்டும். நான் ஊதினால் நின்றுவிடும். நின்றால் இன்றைக்கு முடிந்தது, நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று, அதோடு சரி.

ஐந்தாவது. உங்கள் காலடிக்கு வருகிறது பாருங்கள், செருப்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்குகிறான் தம்பி, அந்தக் காலோடு ஆறாவதும் தூக்குகிறான், நான் என்ன செய்ய...

“ஓய் கண்டக்டரே! என்னவே ஆச்சு உமக்கு? விசில் எங்கே? தண்ணி தெருவுக்குப் போகுதுவே! இருக்கேரா, இல்லியா?”

கேட்டீர்களா?

தம்பி, கேட்டீர்களா இல்லையா? காற்றுச் சத்தம் இல்லையே அது? உலகம்மை! ஏ உலகம்மை, இங்கே வா, கேட்டியா? நீங்கள்தான் சாட்சி. பதினோரு வருஷம் கழித்து முதலில் வாயைத் திறந்தது யார்? அவன். நான் இல்லை. நாளைக்கு யார் கேட்டாலும் இதைச் சொல்ல வேண்டும், அவன்தான் முதலில் பேசினான்.

எழுந்திருங்கள், எழுந்திருங்கள். அந்த நாற்காலியைத் தூக்கி இப்படிச் சுவரோரம் போடுங்கள். சேறாக இருந்தால் இருக்கட்டும். நன்றாக ஊன்றிப் பிடியுங்கள், நான் ஏற வேண்டும்.